எங்கே கைதட்டுவது, எப்போது எழுந்து போவது? கோத்தகிரி வாசகிக்கு ஒரு மைக்செட்காரரின் பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். போன டிசம்பரில் ஊட்டியில் ஒரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி நடந்தது. கூட வேலை செய்பவர் டிக்கெட் கொடுத்தார். என் மாமியாரையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பியானோ வாசித்தவர் ஒரு பகுதியை முடித்து நிறுத்தியதும் நானும் பையனும் கைதட்டினோம். வேறு யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, எங்களை மேலும் கீழும் பார்த்து 'உஷ்' என்றார். அப்புறம் அத்தைக்கு இருமல். மிட்டாய்த் தாளைப் பிரித்ததற்கும் ஒருவர் திரும்பினார். கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்தோம், அதற்கும் பார்வை. "இனிமே இந்த மாதிரி எடத்துக்கு என்னைக் கூப்பிடாத" என்று அத்தை சொல்லிவிட்டார். வருகிற ஏப்ரலில் எங்கள் மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாள் கர்நாடக சங்கீதக் கச்சேரி, மறுநாள் மெல்லிசை. போகலாமா? எங்கே கைதட்டுவது? பையனை எப்படி வைத்துக்கொள்வது? இன்னொன்று, பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பண்டிகை நடக்கும்போது டூரிஸ்ட்டுகள் கேமராவோடு ஆடுகிற வட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். அவர்களை யாரும் 'உஷ்' என்பதில்லையே, ஏன்? கடைசி பஸ்ஸுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தீர்ப்பு, பிறகு விளக்கம். அன்றைக்கு அந்தச் சர்ச்சில் மரியாதை தவறியது நீங்களும் இல்லை, உங்கள் பையனும் இல்லை. திரும்பி 'உஷ்' என்றாரே, அவர்தான். உங்கள் கைதட்டல் இரண்டு மூன்று நொடியில் அடங்கியிருக்கும். அவர் பார்த்த பார்வையோ, வயதான ஒருவரை இனிமேல் பாட்டுக் கேட்கவே வரமாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டது. தொழில் கணக்கில் பார்த்தாலும் அவர் செய்ததுதான் கெட்ட சத்தம். 'ஷ்' என்ற ஓசைக்கு அடித்தொண்டையின் பலம் கிடையாது. அதன் சக்தி பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்த இடத்தில்தான். கல் கட்டடத்துக்குள் ஒருவர் 'உஷ்' என்றால் கடைசி பெஞ்சு வரை சுத்தமாகப் போய்ச் சேரும்.

நீலகிரியில் கோவில் திருவிழா, சர்ச், கல்யாண மண்டபம், கோடை விழா மேடை என்று எல்லாவற்றுக்கும் ஒலி அமைப்பதுதான் என் பிழைப்பு. மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மேடையைவிடக் கூட்டம்தான் அதிகமாகக் கேட்கும். அதனால் கூட்டத்தின் நடத்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. எந்த இடத்தில் என்ன கட்டுப்பாடு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் சத்தம் இப்போது யாருடைய காதுக்குக் குறுக்கே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தால் பாதி விஷயம் தானே தெரிந்துவிடும்.

நீங்கள் போன சர்ச் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் மைக் இருக்காது. பாதிரியார் பேசுவதற்கு ஒன்று இருக்கும், அவ்வளவுதான். பியானோவும் குரல்களும் தங்கள் சொந்த பலத்தில் கட்டடத்தை நிரப்ப வேண்டும். உயரமான கூரை, கல் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள இடத்தில் கடைசி ஸ்வரம் உடனே சாகாது; ஒன்றிரண்டு நொடி மேலே சுற்றிக்கொண்டிருக்கும். எழுதியவரும் வாசிப்பவரும் அந்த மிச்ச ஒலியையும் பாட்டில் சேர்த்துத்தான் கணக்குப் பண்ணியிருப்பார்கள். போதாததற்கு, ஐரோப்பியச் செவ்வியல் உருப்படிகள் பலவற்றில் ஒரே படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி வேகம், இரண்டாவது நிதானம், இப்படி. நடுவில் நிறுத்துவது மூச்சு வாங்க. முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லாப் பகுதியும் முடிந்த பிறகே தட்டுவது இன்றைய வழக்கம்.

இது வேதகாலத்து விதி ஒன்றும் இல்லை. 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியபோது, முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டினார்கள் என்று மொஸார்ட் தன் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். தட்ட வைக்க வேண்டும் என்றே அந்த இடத்தை அமைத்திருந்தார். முடிந்ததும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். நூறு வருஷம் கழித்து நிலைமை தலைகீழ். 1882-ல் ஜெர்மனியில் பைராய்ட் அரங்கில் வாக்னரின் கடைசி இசை நாடகம் நடந்தது. நடுவில் ஆரவாரம் கூடாது என்ற பேச்சு ரசிகர்களிடையே ஏற்கெனவே பரவியிருந்தது. ஒரு காட்சி முடிந்து ஒருவர் 'பிராவோ' என்று குரல் கொடுத்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அடக்கினார்கள். குரல் கொடுத்தவர் வாக்னரேதான். எழுதின ஆளையே அடக்கினார்கள் என்றால் கோத்தகிரியிலிருந்து வந்தவர்கள் எம்மாத்திரம்? அத்தையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு வழி. வாசிப்பவரின் கையைப் பாருங்கள். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே பியானோக்காரர் கையை எடுத்தாலும் உடம்பு வாத்தியத்தை விட்டு விலகாது, கண்ணும் அதன் மேலேயே இருக்கும். உருப்படி முழுக்க முடிந்ததும் கை மடிக்கு இறங்கும், தோள் தளரும், நம் பக்கம் திரும்புவார் அல்லது எழுந்திருப்பார். பாடகர் குழுவுக்குக் கை அசைக்கிறவர் இருந்தால் அவர் கை கீழே இறங்கும் வரை காத்திருங்கள். அப்படியும் சந்தேகமா? நான்கு பேர் தட்ட ஆரம்பித்த பிறகு சேர்ந்துகொள்ளுங்கள். ஐந்தாவது ஆளாகத் தட்டியதற்காக யாரும் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை.

இருமலை யாரும் குற்றம் சொல்ல முடியாது. டிசம்பர் மாதம் ஊட்டியில் ராத்திரிக் காற்று தொண்டையை வறட்டிவிடும். மேடையில் இருப்பவர்களே கனைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் மிட்டாய்த் தாள் விஷயத்தில் அந்த மனிதர் திரும்பியதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சத்தம் வரக்கூடாது என்று எல்லோரும் மெதுவாகப் பிரிப்பார்கள். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும். தாளில் இருக்கும் மடிப்பு ஒவ்வொன்றும் நிமிரும்போது தனித்தனியாக 'டிக்' என்று வெடிக்கிறது. நீங்கள் மெதுவாக இழுத்தால் வெடிப்புகளுக்கு இடையே நேரம் கூடுமே தவிர, ஒவ்வொன்றின் உரப்பும் அப்படியேதான் இருக்கும். ஆகவே வீட்டிலேயே தாளைப் பிரித்து, மிட்டாயை ஒரு சின்ன டப்பாவிலோ கைக்குட்டையிலோ போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஃபிளாஸ்கில் வெந்நீர். ஃபிளாஸ்க் மூடியைப் பாட்டுக்கு நடுவில் திருகாமல், கைதட்டும்போது திறந்து ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இருமும்போது சால்வையை நாலு மடிப்பாக வாயில் வைத்து இருமினால் அதன் கூர்மை அடங்கிவிடும். கம்பளி நல்ல ஒலி உறிஞ்சி. காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்யும்போது எதிரொலி அடிக்கும். ஸ்வெட்டரும் சால்வையுமாக ஜனங்கள் வந்து உட்கார்ந்ததும் தானாகவே அடங்கும். சமவெளி மண்டபங்களைவிட மலையில் எங்களுக்கு இருக்கும் ஒரு சௌகரியம் அது.

அந்தச் சர்ச்சில் யாராவது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நிச்சயம் இருந்திருப்பார்கள், அவர்களை யாரும் முறைத்திருக்க மாட்டார்கள். என் பட்டியலில் முதல் குற்றம் அதுதான். 'சைலண்ட்' போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மர பெஞ்சில் வைத்த போன் அதிர்ந்தால் அந்த வரிசை முழுக்க உறுமும். மைக் வைத்த மேடை என்றால் இன்னொரு தொல்லை. அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே ஸ்பீக்கர் பாக்ஸில் 'டிட்-டிடிட்-டிடிட்' என்று ஓடும், கேட்டிருப்பீர்கள். பழைய 2ஜி அலையில் போன் விட்டுவிட்டு அலை வீசும்போது, அதை மைக் ஒயர் வாங்கிக்கொள்வதால் வருவது. நம் மலையில் வளைவு மறைவுகளில் டவர் பலவீனமாக இருக்கும், போன் 2ஜிக்கு இறங்கி, முழு பலத்தில் அலை அனுப்பும். முதல் வரிசை விஐபி மடியில் இருக்கும் போனும் பாடகர் முன்னால் இருக்கும் மைக்கும் பத்தடி தூரத்தில். எங்களிடம் வந்து "என்னப்பா மைக்செட் கரகரங்குது" என்று கேட்பவரும் அதே விஐபிதான். 'ஃபிளைட் மோட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

இப்போது மாரியம்மன் திருவிழாக் கச்சேரிக்கு வருவோம். கட்டாயம் போங்கள், அத்தையையும் கூட்டிப் போங்கள். கோவில் கச்சேரியில் ஜனங்கள் வருவார்கள், போவார்கள், பிரசாதம் கொடுப்பார்கள், தூரத்தில் பலூன்காரர் பீப்பி ஊதுவார். அத்தைக்குப் பழக்கமான இடம். இங்கே கைதட்டல் கணக்கும் தாராளம். பாடகர் வார்த்தை இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையை முடித்ததும் தட்டலாம். அதே ராகத்தை வயலின்காரர் வாசித்து முடித்ததும் அவருக்குத் தனியாகத் தட்டலாம், தட்டவும் வேண்டும். பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். கல்பனை ஸ்வரம், அதாவது அந்த நேரத்தில் தோன்றுகிறபடி பாடும் 'ஸ ரி க ம', ஏறி ஏறிப் போய்ப் பாட்டின் வரியில் வந்து விழும் இடத்தில் கை தானாகவே தட்டும். நல்ல பிடி ஒன்று விழுந்தால் நடுவிலேயே 'ஆஹா', 'பலே' என்று சொல்வதும் உண்டு. மெதுவாகச் சொன்னாலே போதும், முன்னால் இருப்பவருக்குக் கேட்கும்.

தொடங்குவதற்குத் தாமதமானால் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் சாயங்காலம் நம் பக்கம் மஞ்சு இறங்கினால் முதலில் அடிபடுவது மிருதங்கம்தான். தோல் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும், சுருதி இறங்கிவிடும். வித்வான் கல்லும் கட்டையுமாக வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி மேலே கொண்டுவருவார். நாகஸ்வரத்துக்கும் இந்தக் குளிர் ஆகாது. குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஸ்வரம் இறங்கும், வாசித்து வாசித்துச் சூடேற்ற வேண்டும். பாலக்காட்டிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காலையில் கிளம்பி மலை ஏறி வந்த வாத்தியம், நம் ஊர்க் காற்றுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் கேட்கிறது. அந்த நேரத்தில் அவசரப்படுத்திக் கைதட்டுவது அநியாயம். சுருதி சேர்ப்பதைக் கேட்பதே ஒரு சுகம் என்பது என் கட்சி. பையனைக் கவனிக்கச் சொல்லுங்கள், இறங்கியிருந்த மிருதங்கத்தின் 'நம்' என்ற ஓசை எப்படித் தம்பூராவோடு போய் ஒட்டிக்கொள்கிறது என்று அவனுக்கும் பிடிபடும்.

கச்சேரியில் உண்மையிலேயே மனசைப் புண்படுத்துவது ஒன்று உண்டு. பிரதான உருப்படியில் பாட்டு நின்று, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மட்டும் வாசிப்பார்களே, அந்தத் தனி ஆவர்த்தனம். "பாட்டு நின்னுடுச்சு, வா காபி குடிக்கலாம்" என்று சாரி சாரியாக எழுந்து போவார்கள். சென்னை சபாக்களில் இது பல வருஷமாக நடக்கிற கூத்து. கேன்டீன் போண்டாவுக்கு அங்கே ஒரு தனி மரியாதை உண்டு. சாயங்காலம் முழுக்க இன்னொருவர் பாட்டுக்குப் பின்னால் நின்ற கலைஞருக்கு, தன் வித்தையைக் காட்டக் கிடைக்கும் சில நிமிஷம் அது. அவர் கண்ணுக்கு நேராகத்தான் நாற்காலிகள் காலியாகின்றன. கணக்குப் புரியவில்லையே என்றால் பரவாயில்லை. வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் ஒரே அமைப்பு மூன்று முறை வரும், பாடகர் பாட்டை மறுபடி எடுப்பார். தட்ட வேண்டிய இடம் அது. கணக்குத் தெரியாமல் கேட்கிற காதும் கேட்கிற காதுதான்.

தாளம் போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போடலாம், தாராளமாக. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் 'பட் பட்' என்று சத்தமாகப் போடாதீர்கள். பாட்டு தாளம் விழும் இடத்திலேயே தொடங்கும் என்று இல்லை. சிலது அரை இடம் தள்ளி, சிலது முக்கால் இடம் தள்ளி எடுப்பு. நமக்கு எதிரே ஒருவர் தப்பான இடத்தில் அழுத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தால் அனுபவசாலி வித்வானுக்கே ஒரு கணம் உதறும். விரலால் மடியில் போட்டுக்கொள்வது யாருக்கும் தொந்தரவில்லை. பிடித்த பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதும் பழைய பழக்கம்தான். கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடா தொடங்கும் நேரத்தில் கொடுங்கள், ஆலாபனை நடக்கும்போது மேடை ஓரத்தில் நின்று நீட்டாதீர்கள்.

ரசிகர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் என் மனசாட்சி உறுத்தும். மேடை மரியாதையை அதிகமாகக் கெடுப்பவர்கள் விழாக் குழுவினர். ஆறு மணி என்று நோட்டீஸில் போட்டு ஏழு மணிக்குத் தொடங்குவது, பாடகர் சூடுபிடிக்கும் நேரத்தில் பொன்னாடையோடு மேடை ஏறுவது, "ஒரே ஒரு நிமிடம்" என்று மைக்கை வாங்கிக் கால்மணி நேரம் பேசுவது, தாமதமாக வந்த பிரமுகருக்காக முன்வரிசையையே கிளப்பி மாற்றி உட்கார வைப்பது. இவற்றில் எதற்கும் யாரும் திரும்பி 'உஷ்' என்பதில்லை. டூரிஸ்ட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதுதான் பாதி பதில். 'உஷ்' எப்போதும் எளியவர் பக்கம்தான் பாய்கிறது.

மீதிப் பாதி இது. ஹட்டியில் நடப்பது நிகழ்ச்சி இல்லை, வழிபாடு. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருபவர்கள் யாருக்கும் காட்டுவதற்காக வரவில்லை. கோத்தர்கள் தங்கள் சாமிக்குக் கொள் என்ற குழல், கொம்பு, பறை வாசிப்பதும், முத்தநாடு மந்து என்ற தங்கள் குடியிருப்பில் தோடர்கள் மொற்பர்த் பண்டிகைக்குக் கூடிப் பாடி ஆடுவதும் அப்படியே. அங்கே மேடை கிடையாது, ரசிகர் வரிசை கிடையாது. ஆகவே கைதட்டலும் கிடையாது. ஆடி முடித்தவர்களுக்குக் கைதட்டினால், நம் பூஜையறையில் நாம் கும்பிட்டு முடித்ததும் வாசலில் நின்று ஒருவர் தட்டியதுபோல இருக்கும். வெளியாட்கள் கோவிலுக்குள் போகக்கூடாது, செருப்பைத் தள்ளி விட வேண்டும், படம் எடுக்க ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும், வட்டத்துக்குள் கூப்பிட்டால் மட்டுமே போக வேண்டும். தோடர் வழிபாட்டில் அவர்கள் வீட்டுப் பெண்களே கோவில் பக்கம் போகாதபோது, டிரோனை அதற்கு மேலே பறக்கவிடுவது எந்த ஊர் நியாயம்? படகர் ஆட்டத்துக்கு விருந்தாளிகளை அன்போடு இழுத்துக்கொள்வதும் உண்டு, அதனால்தான் வருபவர்களுக்கு எல்லை தெரியாமல் போகிறது. உங்கள் பக்கத்து ஹட்டி இளைஞர்களிடம் சொல்லி, ஊர் நுழைவில் நாலு வரிப் பலகை வைத்து, இரண்டு பேரை நிறுத்தச் சொல்லுங்கள். திட்டுவதற்கு இல்லை, "இதுவரைக்கும் வரலாம், இங்க நின்னு பாருங்க" என்று இடம் காட்டுவதற்கு. இடம் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் அங்கேயே நிற்பார்கள் என்று நம்புகிறேன். மீதி இரண்டு பேருக்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் மெல்லிசைக்கு என்னிடம் பெரிய உபதேசம் இல்லை. விசில் அடிக்கலாம், கூடப் பாடலாம், 'ஒன்ஸ் மோர்' கேட்கலாம், ஆடலாம். அந்த மேடையே அதற்குத்தான். ஆடுகிற பையன்கள் பெண்கள் உட்காரும் பக்கம் தள்ளிக்கொண்டு வராமல் இருக்க வேண்டும். வந்தால் அது ஆட்டமில்லை, குழுவினரிடம் உடனே சொல்லுங்கள், பாட்டை நிறுத்தச் சொல்லவும் தயங்காதீர்கள். ஒயரை மிதிக்காதீர்கள், பாக்ஸ் டவரில் சாய்ந்து நிற்காதீர்கள். மேலே இருப்பது சரிந்தால் ஆள் தாங்காது.

பையன் விஷயத்தில் மெல்லிசை நாளில்தான் நான் பயப்படுவேன். குழந்தைகள் பாக்ஸுக்கு முன்னால் போய் நின்று வயிற்றில் 'திம் திம்' என்று அடிப்பதை ரசிப்பார்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பெரியவர்களின் வேலையிடக் கணக்கு. மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். பாக்ஸுக்குப் பக்கத்தில் 100 தாண்டுவது சாதாரணம். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஆறு டெசிபல் போல இறங்கும், அதனால் நாலு பங்கு தள்ளிப் போய் உட்கார்ந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். காதில் பஞ்சு வைப்பது அதிகம் உதவாது. நுரையில் செய்த காதடைப்பான் மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வீடு திரும்பியும் பையன் காது 'ங்...' என்கிறது என்று சொன்னால், உட்கார்ந்த இடம் தப்பு.

கர்நாடகக் கச்சேரிக்கு அவனை முழு நேரமும் உட்கார வைக்க முயலாதீர்கள். ஆறு வயதுக்கு முக்கால் மணி நேரமே அதிகம். போவதற்கு முன் சாப்பாடு, பாத்ரூம் இரண்டும் முடிய வேண்டும். நடைபாதை ஓரத்து நாற்காலி. சிணுங்கல் தொடங்கும்போதே வெளியே கூட்டிப் போய்விடுங்கள், அழுகை வரும்வரை சமாதானம் செய்துகொண்டிருக்காதீர்கள். கையில் போனைக் கொடுத்து அடக்குவது மட்டும் வேண்டாம். சத்தம் இல்லாவிட்டாலும் இருட்டில் அந்த வெளிச்சம் பின்னால் இருக்கும் பத்துப் பேர் கண்ணில் அடிக்கும். வீடியோ எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். முழுக் கச்சேரியையும் கைதூக்கிப் பிடித்து எடுப்பவரின் பின்னால் இருப்பவர் காசு கொடுத்துப் பார்ப்பது அவருடைய முழங்கையை. ஒரு நிமிஷம் ஞாபகத்துக்கு எடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முழுசாக எடுத்து வெளியிடுவது வேறு; 1994-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து மேடைக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சிப் பதிவின் மீது தனி உரிமை உண்டு. பாடினவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

ராத்திரி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. திருவிழாக்களுக்கு வருஷத்தில் சில நாள் மட்டும் அரசு நள்ளிரவு வரை அனுமதிக்கலாம். குழுவிடம் "இன்னும் ரெண்டு பாட்டு" என்று கெஞ்சும் கூட்டத்துக்கு ஒன்று சொல்கிறேன். மலையில் ராத்திரி தரையோடு குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் நிற்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கி, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச் சரிவில் போய் விழும். இங்கே குத்துப்பாட்டு நடந்தால் எதிர் மலை லைன் வீட்டில், காலை ஏழு மணிக்கு இலை பறிக்கப் போக வேண்டியவர் புரண்டு படுப்பார். அவர் டிக்கெட் வாங்கவில்லை. சாப்பிட்ட தட்டு, பொட்டலம் எல்லாம் அங்கேயே போட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான். கோத்தகிரிக் கரடிகளுக்கு அழைப்பிதழ் தேவையில்லை. மறுநாள் விடியற்காலையில் பந்தல் பிரிக்க வருவது எங்கள் பையன்கள்.

கடைசி பஸ். மலைவாசிகளுக்கு இது தீராத வழக்கு, சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பாதியில் எழுவது தப்பில்லை. பாட்டின் பாதியில் எழுவதுதான் தப்பு. பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் கைதட்டலில் எழுந்துவிடுங்கள். சர்ச் நிகழ்ச்சியில் அச்சடித்த நிரல் கொடுப்பார்கள், எந்த உருப்படியோடு கிளம்புவது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளலாம். கச்சேரியில், தனி முடிந்து பாட்டு நிறைவடைந்து தட்டுவார்களே, அப்போது கிளம்பலாம். மங்களம் தொடங்கிவிட்டால் மட்டும் இரண்டு நிமிஷம் பொறுத்து நின்று கேட்டுவிட்டுப் போங்கள். கிளம்பும்போது குனிந்து ஓடாதீர்கள், நிமிர்ந்து அமைதியாக நடங்கள். குனிந்து ஓடுபவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். விழாக் குழுவில் தெரிந்தவர்கள் இருந்தால், கச்சேரியை ஐந்து மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் அச்சாகும் முன் சொன்னால்தான் நடக்கும், மார்ச் முடிவதற்குள் பேசிவிடுங்கள்.

எங்கே உட்காருவது என்று கேட்டால், மிக்சர் வைத்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில். ஒலி அமைப்பவர் அங்கே உட்கார்ந்து தன் காதுக்குச் சரியாக வரும்வரை திருகுவதால், பந்தலிலேயே நல்ல சத்தம் கேட்கும் இடம் அதுதான். மேடைக்கு எதிரே பின்பக்கம் இருப்பதால் அநேகமாக வழியும் பக்கத்திலேயே இருக்கும், இருமல் மேடை மைக்குக்கு எட்டாது. பையன் சிவப்பும் பச்சையுமாக எரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் கூடுதலாக உட்காருவான். சாயங்காலமே போய் அந்த மைக்செட்காரரிடம், "அண்ணா, அத்தைக்கு ரெண்டு நாற்காலி இங்க போட்டுக்கலாமா?" என்று கேளுங்கள். எந்த மைக்செட்காரரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். ஒயர் போகும் பக்கம் மட்டும் போட வேண்டாம்.